விளாத்திக் கொப்புக்கு நிறம் கலந்த கதை

மரம் என்றால் நான்தான். இரணைமடுக் குளத்துக்கு இந்தப் பக்கம் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். வெட்டிப் போட்ட கட்டையை மணந்து பார்த்தே முதிரையா, பாலையா, வீரையா என்று சொல்லிவிடுவேன். தடிமன் பிடித்து மூக்கடைத்திருந்தால் நக்கிப் பார்த்துச் சொல்லுவேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரை ஒருவர் கைகழுவிவிட்டோம். அதன்பிறகு சைக்கிளில் விறகு கட்டி விற்றேன். சைக்கிள் உழவு இயந்திரம் ஆயிற்று, உழவு இயந்திரம் லொறி ஆயிற்று, லொறி நிறுத்த வாங்கிய காணி, மரம் அரிந்து விற்கிற மரக்காலை ஆயிற்று. சனம் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்து வீடு கட்டத் தொடங்கிய காலத்தில் வட்டக்கச்சியில் பாதிக் கூரைகள் என்னுடைய மரத்தில்தான் ஏறின. இன்றைக்கும் அந்த வீடுகளில் மல்லாக்கப் படுத்திருப்பவர்கள் காலையில் கண்ணைத் திறந்தால் முதலில் காண்பது கூரையைத் தாங்குகிற என்னுடைய வளையைத்தான். இதெல்லாம் ஒருவர் சொல்லித்தந்து வந்ததில்லை. நானே பார்த்தேன், நானே செய்தேன், நானே எழும்பினேன்.

அப்படிப்பட்ட நான், அறுபது தாண்டிய வயதில், ஒரு சின்னச் சுள்ளியை நீர்வர்ணத்தில் கீறத் தெரியாமல் மாசக்கணக்காகத் தலையைப் பிய்த்துக்கொண்டு திரிந்தேன். ஏனென்றால் அந்தச் சுள்ளியின் நுனியில் என்னுடைய கலியாணம் தொங்கிக்கொண்டிருந்தது.

சிரிக்க வேண்டியவர்கள் இப்போதே சிரித்து முடியுங்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

மனைவி கண்ணை மூடிச் சில வருசங்கள் ஆகிவிட்டன. மகள் கனடாவில், மகன் சுவிசில். எனக்கு மிஞ்சியது அறைகள் கூடின ஒரு வீடும், ஒவ்வொரு அறையிலும் ஓடுகிற மின்விசிறியும்தான். பக்கத்து வளவில் என் சிநேகிதன் ஒருவன் இருக்கிறான். இரணைமடுவில் வலை போட்டே காலத்தை ஓட்டிய ஆள். இப்போது வலையும் இல்லை, வேலையும் இல்லை, வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் வேலிக்கு மேலால் தலையை நீட்டினான்.

"மச்சான், வெளிக்கிடு. முதியோர் சங்கத்திலை படம் கீறப் பழக்கினமாம்."

"எனக்கென்ன விசரே, இந்த வயதிலை படம் கீற?"

"படத்தை ஆர் உன்னட்டைக் கேட்டது? வடையும் தேத்தண்ணியும் குடுக்கினம். அதைத்தான் சொல்லுறன்."

அவன் சொல்லி முடிக்கும் முன்பே அவனுடைய குசினியில், அடுப்படியில் இருந்து, மனைவியின் குரல்: "இஞ்சேருங்கோ!" எங்கள் பக்கத்தில் மனைவிமார் புருசனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. இந்த ஒரு சொல்தான். ஊரில் எத்தனை புருசன்மார் இருந்தாலும், எந்த 'இஞ்சேருங்கோ' தன்னுடையது என்று அவரவருக்குத் தெரியும். என் சிநேகிதனுக்கு நன்றாகவே தெரியும். அந்தச் சொல் காதில் விழுந்தால் அவன் படுத்திருந்தாலும் எழும்பிவிடுவான். அன்றைக்கும் வேலியில் இருந்த தலை சட்டென்று மறைந்தது.

நான் வடைக்காகத்தான் போனேன். இதில் ஒரு பொய்யும் இல்லை. ஆனால் வகுப்பு நடந்த வாசிகசாலை வாசலில், படம் கீறப் பழக்க வந்த ரீச்சர் நின்றார்.

சித்திரம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். மூக்குக்கண்ணாடியை நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். கொண்டையில் பூவுக்குப் பதிலாக ஒரு தூரிகை செருகியிருந்தது. அந்தத் தூரிகையின் நுனியில் காய்ந்த பச்சை நிறம். சின்னப் பிள்ளையாக இருந்தபோதே தாய் தகப்பன் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்துவிட்டார்களாம். பிறத்தியாரின் வயலில் கூலிக்கு நின்று மகளைப் படிப்பித்திருக்கிறார்கள். இங்கே வளர்ந்து, இங்கே படிப்பித்து, இங்கேயே கணவரையும் இழந்தவர். பேச்சில் மட்டும் இன்னும் மலையில்தான் நின்றார். நாங்கள் 'ஓம்' என்கிற இடத்தில் அவர் 'ஆமா' என்பார். அந்த 'ஆமா'வைக் கேட்பதற்காக நான் தேவையில்லாத கேள்வியெல்லாம் கேட்டேன்.

"ரீச்சர், இண்டைக்குச் சனிக்கிழமைதானே?"

"ஆமா முதலாளி."

"பின்னேரம்தானே?"

"ஆமா முதலாளி. உக்காருங்க."

மரக்காலை வைத்திருப்பதால் எனக்கு அந்தப் பேர். மற்றவர்கள் சொன்னால் மரியாதை. ரீச்சர் சொன்னால் அதில் செல்லமாகக் கிள்ளின மாதிரி ஒரு சின்ன நுள்ளு இருக்கும். அந்த நுள்ளு எனக்குப் பிடித்திருந்தது.

அன்றைக்கு ஒரு போத்தலில் நாவல் கொப்பு ஒன்றை வைத்து, இதைக் கீறுங்கள் என்றார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. மரத்தையா என்னிடம் கீறச் சொல்கிறார்! மற்றவர்கள் தாளை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருக்க, நான் மஞ்சளையும் சிவப்பையும் குழைத்து ஒரே மூச்சில் கீறி முடித்துவிட்டு வடையில் கைவைத்தேன். ரீச்சர் வந்து கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். கழற்றிப் பார்த்தார்.

"முதலாளி, இது கொப்பு இல்லீங்க. பலகை."

"அதுதானே ரீச்சர் நாவலின்ரை நிறம். சீவினால் உப்பிடித்தான் வரும்."

"சீவுனா வரும். யாரு சீவச் சொன்னா?"

வாசிகசாலையே சிரித்தது. வாயில் வடையோடு சிரித்த என் சிநேகிதனுக்குப் புரையேறியது. ரீச்சர் படத்தை இன்னொருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "இதுல ஒரு எறும்பு கூட ஏறாது."

நான் வீட்டுக்கு வந்து வேப்பம் கொப்புக் கீறினேன், இளஞ்சிவப்பில் வந்தது. பாலைக் கொப்புக் கீறினேன். கறுத்த சிவப்பில் வந்தது. தேக்குக் கீறினேன், எண்ணெய் பூசின கதிரை மாதிரிப் பளபளத்தது. எல்லாம் சரியான நிறம்தான், ஆனால் எல்லாம் உள்ளே இருக்கிற நிறம். நாற்பது வருசமாக நான் மரத்தைப் பார்த்தவன். பார்த்தவுடனேயே உள்ளே எத்தனை அடி தேறும் என்று மனசு கணக்குப் போட்டுவிடும். வெளியில் பட்டை என்று ஒன்று இருப்பது எனக்கு ஒரு செலவாகத்தான் தெரிந்ததே தவிர, ஒரு நிறமாகத் தெரியவில்லை.

ஆனாலும் நான் எதற்கும் பின்னுக்கு நிற்கிற ஆள் இல்லை. மாசி மாதம் ஒரு வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின், கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்த ரீச்சருக்கு உதவி செய்கிற சாட்டில் நின்று நேரே கேட்டுவிட்டேன்.

"ரீச்சர், என்னட்டை வீடு இருக்கு. கிணறு இருக்கு. ஐஞ்சு அறையும் இருக்கு. ஆள்தான் இல்லை. நீங்கள் வாறியளோ?"

ரீச்சர் கையில் இருந்த கதிரையைக் கீழே வைத்தார். "என்னங்க முதலாளி, கூரைக்கு மரம் கேக்கிற மாதிரி கேக்கிறீங்க?"

"எனக்கு வேறை மாதிரிக் கேக்கத் தெரியாது."

சிரித்தார். சிரித்து முடிந்ததும் அந்தக் கதிரையிலேயே உட்கார்ந்தார். மகன் ஓமந்தையில் அவருக்கென்று ஒரு அறை கட்டி முடித்துவிட்டானாம். சித்திரைப் புதுவருசத்துக்கு முன் வந்து கூட்டிக்கொண்டு போகப் போகிறானாம். போனால் போனதுதான், திரும்பி வருகிற யோசனை இல்லை என்றார். பிறகு என்னை நேரே பார்த்தார்.

"நீங்க நல்ல மனுசன்தான். ஆனா மரத்த பாத்தா பலகை தெரியிற கண்ணு உங்களுக்கு. அந்தக் கண்ண வச்சுக்கிட்டு என்னை என்னன்னு பாப்பீங்க? அஞ்சு அறைய கூட்டிப் பெருக்க ஒரு ஆளுன்னா?"

"ஐயோ, இல்லை ரீச்சர்."

"அப்ப ஒரு கொப்ப ஒழுங்கா பாத்து வரைஞ்சிட்டு வாங்க. மரத்துல இருக்கிற கொப்பு. அப்புறம் பேசுவோம்."

வேறு ஆளென்றால் மனம் விட்டிருப்பான். நான் கைப்பிடியை விட்டுவிட்டு வீடு வரைக்கும் சைக்கிள் ஓடினேன். ரீச்சர் முடியாது என்று சொல்லவில்லை! கொப்புத்தானே? கொப்பு!

முதலில் நிறப்பெட்டியில் இருந்த மண்ணிறத்தை எடுத்து அப்படியே பூசினேன். கொப்பு மரத்தில் நிற்காமல் தாளில் படுத்துக் கிடந்தது. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த சிநேகிதன், "என்ன மச்சான், ஆட்டுக்குடல் காயப் போட்டிருக்கிறியோ?" என்றான். சிவப்பையும் பச்சையையும் கலந்தேன், சேறு வந்தது. கறுப்பைச் சேர்த்தேன், கரிக்கட்டை வந்தது. விசயத்தை மகளிடம் மறைக்க மனமில்லாமல் தொலைபேசியில் முகம் பார்த்துக் கதைக்கும்போது எல்லாவற்றையும் சொல்லிப் படத்தையும் காட்டினேன். மகள் படத்தைக் கிட்டக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தாள்.

"அப்பா, நீங்கள் சந்தோசமா இருந்தால் எங்களுக்கும் சந்தோசம்."

"பிறகென்ன?"

"அந்தப் படத்தை மட்டும் அவாவுக்குக் காட்டாதேங்கோ."

வகுப்பில் ரீச்சர் எனக்கென்று தனியாக ஒன்றும் சொல்லித்தரவில்லை. எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னது ஒன்றே ஒன்று: "கொப்புல மண்ணிறமே இல்ல. பெட்டிய மூடி வச்சிட்டுப் போய்ப் பாருங்க."

போய்ப் பார்த்தேன். வீட்டோடு ஒட்டின மரக்காலையின் பின்வேலியோடு ஒரு விளாத்தி, விளாம்பழ மரம், நிற்கிறது. கோணிக் கிடக்கிறது, தறித்தால் பலகை தேறாது என்று நான் விட்டுவைத்த மரம். பங்குனி வெயிலில் இலையெல்லாம் கொட்டி வெறும் கொப்பாக நின்றது. அதன் கீழே கதிரையைப் போட்டுக்கொண்டு அண்ணாந்தபடி இருந்தேன். கூரைமரம் வாங்க வந்த ஒருவர் என்னைக் கண்டுவிட்டுப் பின்னுக்கு வந்தார்.

"ஐயா, உந்த விளாத்தியை எப்ப தறிக்கிறியள்?"

"தறிக்கிறதோ? நான் அதைப் பாத்துக்கொண்டிருக்கிறன்."

"பாத்து?"

"பாத்துக்கொண்டுதான்."

வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்று நினைத்திருப்பார். எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

அவருக்கு என்ன தெரியும்? நான் அங்கே எப்பேர்ப்பட்ட கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்! அந்தக் கொப்புச் சாம்பல் நிறம். ஆனால் அடுப்புச் சாம்பல் இல்லை. கீழ்ப்பக்க நிழலில் நீலம் ஓடுகிறது. கிழக்குப் பக்கம் காலை வெயில் படுகிற இடத்தில் செங்கல் தூள் தூவின மாதிரி ஒரு சிவப்பு. வெயில் நேரே விழுகிற இடத்தில் நிறம் என்று ஒன்றுமே இல்லை, வெறும் வெளிச்சம். கொப்பும் கொப்பும் பிரிகிற கவட்டில் இருட்டு. சுள்ளிகள் நேரே போவதில்லை. ஒரு முள்ளில் இந்தப் பக்கம் திரும்பி அடுத்த முள்ளில் அந்தப் பக்கம் திரும்பி, வெறிகாரன் வீட்டுக்குப் போகிற மாதிரிப் போகின்றன. எத்தனை வருசம் இந்த மரத்துக்குக் கீழே நின்று கூலிக்காரரை ஏசியிருப்பேன்! ஒருநாள்கூட நிமிர்ந்து பார்த்ததில்லை.

நிறம் தெரிந்துவிட்டது, ஆனால் அது பெட்டியில் இல்லை. எதை எதோடு கலந்தும் வரவில்லை. அது வந்த இடம் என்னுடைய வேட்டி.

வகுப்புக்கு நான் வெள்ளை வேட்டியில்தான் போவேன். ரீச்சர் வந்த பிறகு சாரம் கட்டுவது வீட்டோடு சரி. எங்கள் செம்மண் கிறவல் ரோட்டில் போய் வந்தால் வேட்டிக் கரை சிவந்துபோகும். ஒரு காலை கிணற்றடியில் வாளித் தண்ணீரில் வெள்ளைத் துணிக்குப் போடுகிற நீலத்தூளைக் கரைத்து, கரையை ஒழுங்காக அலசாமல் அவசரத்தில் வேட்டியை அப்படியே முக்கிவிட்டேன். நீலத் தண்ணீருக்குள் சிவப்பு மண் புகை மாதிரி இறங்கியது. இரண்டும் சேர்ந்த இடத்தில், ஐயோ, எனக்குச் சொல்ல வராது, நீங்கள் கண்ணால் பார்த்திருக்க வேண்டும், விளாத்திக் கொப்பு கரைந்துகொண்டிருந்தது! அதே சாம்பல். மண் கூடின பக்கம் வெயில் கொப்பு. நீலம் கூடின பக்கம் நிழல் கொப்பு. நடுவில் இரண்டும் இல்லாத, இரண்டும் உள்ள அந்தப் பட்டை நிறம்.

நான் வாளியைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்கு ஓடினேன். மரத்தைப் பார்த்தேன், வாளியைப் பார்த்தேன். வாளியைப் பார்த்தேன், மரத்தைப் பார்த்தேன். வேட்டி வாளிக்குள் இருந்ததால் நான் எதோடு ஓடினேன் என்பதை யோசிக்க நேரமிருக்கவில்லை. நல்லவேளை, இடுப்பில் துவாய்த் துண்டு இருந்தது. வேலிக்கு அப்பால் சிநேகிதன், "எடியே, இஞ்சை ஓடி வா, இவனுக்குக் கலியாணப் பைத்தியம் முத்திப்போச்சு!" என்று மனைவியைக் கூப்பிட்டான்.

"பைத்தியமோ? வன்னியிலை ஒருத்தனும் கண்டுபிடிக்காததை நான் கண்டுபிடிச்சிருக்கிறன்!"

"என்ன, ஊத்தைத் தண்ணியையோ?"

அவனை விட்டுவிட்டு வேலையில் இறங்கினேன். கிறவல் மண்ணைக் கரைத்து, கல்லைக் கீழே தங்கவிட்டு, மேலே நின்ற செந்தண்ணீரைத் துணியில் வடித்துக் காயவைத்தேன். மாவு மாதிரி வந்தது. நீலத்தூளை அம்மியில் இன்னும் அரைத்தேன். ஒட்டுவதற்கு அதே விளாத்தியில் வடிந்திருந்த பிசினைச் சுரண்டி ஊறவைத்தேன். கடை நிறங்களும் இப்படிப் பிசினிலும் தேனிலும்தான் செய்யப்படுகின்றன என்று ரீச்சர் ஒருமுறை சொல்லியிருந்தார். பிசினை நினைவில் வைத்தேன், தேனை மறந்துவிட்டேன்.

அதனால் புதிய இடைஞ்சல் ஒன்று வந்தது. கொப்பு உருண்டையாகத் தெரிய வேண்டுமென்றால் முதலில் வெளிர்ச் சாம்பலை ஒரு இழுவை இழுத்துவிட்டு, அது ஈரமாயிருக்கும்போதே கீழ்ப்பக்கத்தில் நீலம் கூடினதைத் தொட்டுவிட வேண்டும். அது தானாகவே மேலே கசிந்து உருட்டித் தரும். ஆனால் எங்கள் பங்குனி வெயிலில் தூரிகையைத் தண்ணீரில் தோய்த்துத் திரும்புவதற்குள் முதல் இழுவை காய்ந்துவிடும். பிறகு தொட்டால் கோடு கோடாக, வரிக்குதிரை மாதிரி நிற்கும்.

அடுத்த சனிக்கிழமை ரீச்சரிடம் கேட்டேன்: "ரீச்சர், நிறம் காயாமல் இருக்க என்ன செய்யிறது?"

"தேன் ஒரு துளி விடுங்க. கொஞ்ச நேரம் ஈரம் நிக்கும்."

துளி! நான் வாழ்க்கையில் எதையும் துளியாகச் செய்து முன்னேறினவன் இல்லை. முத்தையன்கட்டுப் பக்கத்துக் காட்டில் எடுத்த சுத்தத் தேன் வீட்டில் ஒரு போத்தல் இருந்தது. ரீச்சருக்குச் செய்கிற காரியத்தில் கஞ்சத்தனம் பார்க்கலாமா?

கடைசியில் கீறினேன். அதை நான் எப்படிச் சொல்ல? காலை ஏழு மணி வெயில் விளாத்தியில் ஏறும்போது மரத்தடியில் மேசை போட்டு உட்கார்ந்தேன். அடிக்கொப்பில் தூரிகையை நன்றாக அழுத்தித் தொடங்கி, போகப் போகக் கையைத் தூக்கிக்கொண்டே போனேன். நுனியில் வந்தபோது தூரிகையின் ஒரு மயிர்தான் தாளில் நின்றது, மற்றதெல்லாம் காற்றில். நிழலைத் தொட்டேன், அது தேனோடு மெதுவாக, அவசரமில்லாமல், கொப்பைச் சுற்றிக்கொண்டு போயிற்று. முள்ளுக்கு முள்ளு திரும்பினேன். தூரத்துச் சுள்ளிகளுக்கு நீலத்தைக் கூட்டித் தண்ணீரையும் கூட்டினேன். அவை தள்ளிப் போய் நின்றன. கவட்டில் இரண்டையும் கெட்டியாகக் கலந்து ஒரு பொட்டு இருட்டு. பெரிய கொப்பில் வெயில் விழுந்திருந்த இடத்தில் கை தானாக நின்றது. அங்கே ஒன்றும் வைக்கவில்லை.

எழும்பித் தள்ளி நின்று பார்த்தேன். அடேயப்பா! யார் கீறினது? நான் கீறினது. சாமியாட்டம் மாதிரி ஒரு ஆட்டம் ஆடினேன் அந்த மரத்தடியில். மரக்காலைப் பெடியங்கள் மரம் அரிகிற மில்லை நிற்பாட்டிவிட்டுப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஒரு பிரச்சினை. படம் காயவில்லை. மத்தியானமும் காயவில்லை, பின்னேரமும் காயவில்லை. அடுத்த நாளும் விரலில் பசக்கென்று ஒட்டியது. அன்றைக்குத்தான் ஓமந்தையில் இருந்து மகன் வேன் கொண்டு வருகிறான் என்று ரீச்சர் சொல்லியிருந்தார். மடிக்க முடியாது, சுற்ற முடியாது. ஒரு முதிரைப் பலகையில் படத்தைக் குத்தி, சிநேகிதனை மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏற்றி, கையில் கொடுத்தேன்.

"நெஞ்சோடை பிடியாதை. ஒட்டிப்போடும்."

"அப்ப எப்பிடிப் பிடிக்கிறது?"

"பூசைத்தட்டு மாதிரிப் பிடி."

கிறவல் ரோட்டில் எங்களுக்கு முன்னால் ஒரு டிப்பர் போயிற்று. புழுதி எழும்பி நாங்கள் இரண்டுபேரும் சிவந்துபோனோம். ரீச்சர் வீட்டு வாசலில் இறங்கிப் பார்த்தால் படத்திலும் புழுதி! ஊதினேன், போகவில்லை. தட்டினேன், போகவில்லை. கொப்பில் எங்கெங்கே நிறம் இருந்ததோ அங்கெல்லாம் பொருக்குப் பொருக்காக ஒட்டி நின்றது. ஆனால் திரும்பிப் போக நேரமில்லை. வேன் முற்றத்தில் நின்றது.

ரீச்சரின் மகன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தான். மரியாதையான பிள்ளை. எங்களைக் கண்டதும், "வாங்க ஐயா, உள்ள இருங்க," என்றான். ரீச்சர் ஈரக் கையோடு குசினியில் இருந்து வந்தார். நான் ஒன்றும் கதைக்காமல் பலகையைச் சுவரோடு சாய்த்து மேசையில் வைத்தேன். நான் ஒன்றும் கதைக்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை என்று சிநேகிதன் இப்போதும் ஊரெல்லாம் சொல்கிறான்.

ரீச்சர் கண்ணாடியைப் போட்டார். கிட்டப் போனார்.

"இந்தப் பட்டையில சொரசொரப்பு எப்படிங்க வந்துச்சு?"

"அது என்ரை யுத்தி ரீச்சர்."

சிநேகிதனுக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்தது.

"இருங்க, தேத்தண்ணி ஊத்துறேன்," என்று ரீச்சர் உள்ளே போனார். நல்லது என்றும் இல்லை, கெட்டது என்றும் இல்லை. நான் கதிரை நுனியில் இருந்தேன். வெளியில் மகன் தலையணைகளை வேனுக்குள் திணித்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு தலையணைக்கும் எனக்கு மூச்சு ஒருமுறை நின்று வந்தது. அந்த நேரம் சிநேகிதன் என் தொடையைக் கிள்ளினான்.

"மச்சான், படத்தைப் பார்."

சுவரில் ஒரு எறும்புச் சாரை. சுவரில் இருந்து பலகைக்கு வந்து, பலகையில் இருந்து தாளுக்கு வந்து, அடிக்கொப்பில் ஏறியிருந்தது. வெள்ளைத் தாளில் ஒரு எறும்பும் இல்லை. எல்லாம் கொப்பிலேயே போயின. கவட்டில் வந்ததும் இரண்டாகப் பிரிந்தன. ஒரு சாரை பெரிய கொப்பில், ஒரு சாரை சின்னக் கொப்பில். சுள்ளி முள்ளில் திரும்பின இடத்தில் எறும்பும் திரும்பியது. நுனிக்குப் போனது, மேலே போக இடமில்லாமல் தலையை ஆட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது.

நான் கத்தினேன். வேறென்ன செய்வேன்? "ரீச்சர்! ஓடி வாங்கோ! ஏறிட்டுது! எறும்பு ஏறிட்டுது!"

ரீச்சர் அகப்பையோடு ஓடி வந்தார். மகன் தலையணையோடு ஓடி வந்தான். ரீச்சர் பார்த்தார். பிறகு சுண்டுவிரலைக் கொப்பில் தொட்டு நாக்கில் வைத்தார்.

"தேனு!"

"ஓம், நீங்கள் சொன்னனீங்கள்தானே."

"எவ்வளவு ஊத்துனீங்க?"

"ஒரு துளி."

"முதலாளி."

"கொஞ்சம் பெரிய துளி."

"முதலாளி!"

"அரைப் போத்தல்."

சிரிப்பு என்றால் அது சிரிப்பு. ரீச்சர் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணாடி கழன்று நூலில் ஆடியது. மகன் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தான். என்னோடு வந்த துரோகி நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டான். நானும் சிரித்தேன், ஆனால் கண் ரீச்சரின் முகத்திலேயே நின்றது. தேனுக்கு வந்த எறும்பைக் கணக்கில் சேர்ப்பாரா, மாட்டாரா?

சிரித்து முடிய ரீச்சர் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். பலகையை எறும்போடு தூக்கிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனார். அங்கே நிறைய நேரம் நின்றார். பெரிய கொப்பில், நான் ஒன்றும் வைக்காமல் விட்ட இடத்தில் அவருடைய விரல் நின்றது.

"இங்க ஏன் ஒண்ணுமே வைக்கல?"

"அதிலை வெயில் இருந்தது ரீச்சர். பாத்துக்கொண்டிருந்தனான். நிறம் ஒண்டும் தெரியேல்லை. தெரியாததை எப்பிடி வைக்கிறது?"

ரீச்சர் என்னை ஒருமுறை பார்த்தார். படத்தைப் பார்த்தார். அதை ஜன்னல் ஓரத்தில் சாய்த்து வைத்துவிட்டு, மகனை ஒரு கண்ணால் கூப்பிட்டுக்கொண்டு குசினிக்குள் போனார். உள்ளே குசுகுசுவென்று கதை. ஒரு சொல்லும் பிடிபடவில்லை. கொஞ்சத்தில் மகன் வெளியே வந்தான். எங்களைப் பார்த்து ஒரு மாதிரிச் சிரித்தான். முற்றத்துக்குப் போய், ஏற்றின தலையணைகளை ஒவ்வொன்றாக வேனில் இருந்து இறக்கத் தொடங்கினான்.

எனக்கு அது விளங்கினது பாதி, விளங்காதது பாதி. மரமறிந்த தலைக்குள் ஒன்றும் ஓடவில்லை. அந்த நேரம்தான் குசினியில் இருந்து குரல் வந்தது. ஆமா என்கிற வாய், வாங்க போங்க என்கிற வாய், வன்னியில் இத்தனை வருசம் இருந்தும் எங்கள் பேச்சுக்கு இறங்கி வராத வாய்.

"இஞ்சேருங்கோ! தேத்தண்ணி ஆறுது."

என் சிநேகிதன் பழக்கதோசத்தில் துள்ளி எழும்பி நின்றான்.

"இரடா," என்றேன். "உது எனக்கு."